"எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது?" முதிய பெண்களின் பதிலை எவ்வளவு நம்பலாம்

"உங்களுக்குக் காது கேட்பதில் குறை இருப்பதாகத் தோன்றுகிறதா?"

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டேம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1993 முதல் 1995 வரை அங்கே நடந்த செவித்திறன் ஆய்வில் 48 வயதிலிருந்து 92 வயது வரையுள்ள 3,753 பேர் பங்கேற்றார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள், கூடவே கருவியால் காதைச் சோதித்து ஆடியோகிராமும் எடுத்தார்கள். வாய் சொன்னதையும் கருவி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது: கருவியின்படி குறை உள்ள 100 பேரில் 71 பேர் "ஆமாம், இருக்கிறது" என்றார்கள். மீதி 29 பேர் இல்லை என்றார்கள். குறை இல்லாத 100 பேரிலும் 29 பேர் தமக்குக் குறை இருப்பதாகச் சொன்னார்கள்.

பத்தில் ஏழு சரி. பரீட்சை மார்க் என்றால் மோசமில்லை. ஆனால் இந்தப் பதிலை வைத்துத்தான் ஒருவர் டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று முடிவாகிறது என்றால், விடுபட்ட மூன்று பேர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதிய பெண்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தவர்கள் அதற்கு முன்பே உண்டு. 60 முதல் 85 வயது வரையுள்ள பெண்கள் தம் செவிக்குறையைப் பற்றிச் சொல்வது எவ்வளவு துல்லியம் என்ற கேள்வியோடு 1991இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் எபிடெமியாலஜி இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெண்களிடம் மட்டும் கேட்க வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. பெண்களின் காது ஆண்களின் காதைவிட மெதுவாகத்தான் மந்தமாகிறது. அமெரிக்காவில் பால்டிமோரில் பல்லாண்டுகள் நடந்த முதுமை ஆய்வில், பெரும்பாலான வயதுகளில் ஆண்களின் செவித்திறன் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் குறைந்தது. குறைகிற விதமும் வேறு. ஆண்களுக்குக் கீச்சென்ற மேல் ஒலிகள் சடாரென்று சரியும், கீழ் ஒலிகள் தங்கும். பெண்களுக்குப் பல சமயம் எல்லா ஒலிகளும் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய சமமாக இறங்கும். தாமதமாகத் தொடங்கி, மெதுவாக, பரவலாக வருகிற குறையைக் கண்டுகொள்வது கஷ்டம்.

எவ்வளவு மெதுவாக என்றால், 60 வயதுக்கு மேல் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1 டெசிபல். டெசிபல் என்பது ஒலியின் பலத்தை அளக்கும் அலகு. அமைதியான அறையில் நல்ல காது உள்ளவர் இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்டு, எது சத்தம் அதிகம் என்று பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வித்தியாசமே கிட்டத்தட்ட அந்த 1 டெசிபல்தான். அந்த வித்தியாசம் ஒரு முழு ஆண்டில் பரவிக்கிடக்கிறது. போன தீபாவளிக்குக் குக்கர் விசில் எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்று யாருக்கு நினைவிருக்கும்?

கண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டால் பஞ்சாங்கத்தின் எழுத்து கண்முன்னே மங்கலாகக் கிடக்கும். எழுத்து அங்கே இருப்பதும் தெரியும், படிக்க முடியாததும் தெரியும். காதில் விழாத ஒலிக்கு அந்த மாதிரி தடயம் எதுவும் கிடையாது. அழைப்பு மணி கேட்காதவருக்கு அழைப்பு மணி அடித்ததே தெரியாது. குறையைக் கண்டுபிடிக்க வேண்டிய சாட்சியே காணாமல்போகிறது என்பதுதான் இதில் அடிப்படைச் சங்கடம்.

இதற்குமேல் காதின் அமைப்பு வேறு நம்மைக் குழப்புகிறது. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட குழாயில் நுண்ணிய முடிச்செல்கள், அதாவது தலையில் முடி போன்ற இழைகள் உள்ள செல்கள், வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்கு வெளி வரிசைகளில் சுமார் 12,000, உள்வரிசையில் சுமார் 3,500. குழாயின் வாசல் பக்கம் இருப்பவை கீச்சொலிகளுக்கு, உள்ளே ஆழத்தில் இருப்பவை கனத்த ஒலிகளுக்கு. வயதானால் பொதுவாக முதலில் அடிபடுவது வாசல் பக்கம்தான். பேச்சில் உயிரொலிகளின் பலம் கீழ் அதிர்வெண்களில், அதாவது கனத்த ஒலிகளில் இருக்கிறது. அ, ஆ, ஓ எல்லாம் கணீரென்று காதில் விழும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, கீச்சொலிப் பக்கம். அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. "பாட்டு" என்றதும் "காட்டு" என்றதும் ஒன்றுபோல விழும். இந்த நிலையில் உள்ளவரிடம் "காது கேக்குதா?" என்றால் "கேக்குதே" என்பதுதான் நேர்மையான பதில். அவர் அளவில் பழுது எதிராளியின் வாயில். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க வாய்க்குள்ளேயே முணுமுணுக்குதுங்க" என்று பாட்டி சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. அவர் காதுக்கு வந்து சேர்ந்தது முணுமுணுப்புதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வெளிவரிசை முடிச்செல்கள் பழுதானால் மெல்லிய ஒலி கேட்பதில்லை, பெரிய ஒலியோ பழையபடி பெரிதாகவே கேட்கிறது. நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. மருமகள் சாதாரணமாகக் கேட்டாள், பதில் இல்லை. மறுபடி கேட்டாள், "என்ன?" என்றார். மூன்றாம் முறை குரலை உயர்த்தினாள். "ஏன் இப்படிக் கத்தறே, எனக்கென்ன செவிடா?" இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மூன்றாவது வாக்கியம் அவர் காதில் அறைந்தாற்போலத்தான் விழுந்தது. தன் காது நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர் கையில் அப்போது ஓர் ஆதாரமும் சேர்ந்துவிட்டது.

சரி, குறை எவ்வளவு முற்றினால் மனிதர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்? இதற்கு நல்ல பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்தது. சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுண்டன்ஸ் பகுதியில் 1990களின் கடைசியில் ஒரு செவித்திறன் ஆய்வு நடந்தது. பீவர் டேமில் கேட்ட அதே கேள்வி. ஆனால் முடிவைக் குறையின் அளவு வாரியாகப் பிரித்து 2001இல் வெளியிட்டார்கள். காதில் விழ ஒலி எத்தனை டெசிபல் இருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் குறையின் அளவு. அது 25 டெசிபலைத் தாண்டிய எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 78 பேர் ஒப்புக்கொண்டார்கள். 40 டெசிபலைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால் 93. 60ஐத் தாண்டியவர்களில் 100. அதாவது, நன்றாக முற்றிவிட்டால் எல்லாருக்கும் தெரிகிறது. நழுவுவது தொடக்க நிலையில் உள்ளவர்கள்தான், காது மெஷினுக்குப் பழகிக்கொள்வது சுலபமாக இருக்கிற அதே கட்டத்தில்.

பீவர் டேமில் 71, ஆஸ்திரேலியாவில் 78 என்ற வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியர்கள் தம்மைப் பற்றித் தெளிவானவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பீவர் டேமில் இரண்டு காதுகளில் மோசமான காதை வைத்துக் குறை என்றார்கள், புளூ மவுண்டன்ஸில் நல்ல காதை வைத்து. ஒரு காது மட்டும் மந்தமானவருக்கு அன்றாடம் பெரிய இடைஞ்சல் இருக்காது, அவர் இல்லை என்றே சொல்வார். முதல் ஆய்வில் அவர் தவறாகச் சொன்னவர், இரண்டாவதில் சரியாகச் சொன்னவர். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மனுஷி நம்பகமானவராகவும் நம்பக் கூடாதவராகவும் மாறிவிடுகிறார். கோடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையில் லேசான குறையின் தொடக்கம் 20 டெசிபல்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 50 முதல் 89 வயது வரையுள்ள 9,666 பேரின் தரவை வைத்து மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கையடக்கக் கருவியில் ஒலி எழுப்பிச் சோதித்ததில் குறை தெரிந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் தமக்குக் கஷ்டம் எதுவும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். கால் நூற்றாண்டு இடைவெளி, வேறு நாடு, வேறு கருவி, ஆனால் மறுபடியும் பத்துக்கு மூன்று. இப்படி வாயும் கருவியும் பொருந்தாமல் போவது பெண்களிடமும், பள்ளிப்படிப்புச் சான்றிதழ் இல்லாதவர்களிடமும், உடலுழைப்பு வேலை பார்த்தவர்களிடமும் கூடுதலாக இருந்தது.

பெண்களிடம் ஏன் கூடுதல்? இதற்கு என் ஊகம் இரண்டு. ஒன்று வெறும் கணக்கு. ஒரே வயதில் பெண்களின் காது ஆண்களைவிட நன்றாக இருப்பதால், குறையுள்ள பெண்களில் பெரும்பாலோர் லேசான குறையின் விளிம்பில்தான் நிற்பார்கள். விளிம்பில் நிற்பவர்கள்தான் விடுபடுகிறவர்கள் என்பதை ஏற்கெனவே பார்த்தோம். இரண்டாவது, எதிர்பார்ப்பு. மில்லிலும் பட்டறையிலும் வேலை பார்த்த ஆணுக்குக் காது போகும் என்று அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும், டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். வாழ்நாள் முழுக்கச் சமையலறையில் நின்ற பெண்ணின் காதைச் சந்தேகப்பட யாருக்கும் காரணம் தோன்றுவதில்லை. அவருக்கே தோன்றுவதில்லை.

கணவனின் காது மந்தத்தை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மனைவிதான் என்பது இந்தத் துறையில் உள்ளவர்கள் அடிக்கடி சொல்வது. மனைவியின் காதைக் கண்டுபிடிக்க வேண்டியவர், வயதிலும் மூத்தவர், அவர் காது அதற்கு முன்பே மந்தமாகியிருக்கலாம், அல்லது அவர் உயிரோடு இல்லாமலிருக்கலாம். தனியாக இருக்கும் பெண்மணி டிவி சத்தத்தை 18லிருந்து 26க்கு ஏற்றினால் தடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. மகனோ மகளோ வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணும்போது போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார், ஒரே குரல், பின்னணியில் சத்தம் இல்லை, எல்லாம் சரியாகத்தான் போகிறது.

அப்புறம் வயது. அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், வயதில் குறைந்தவர்கள் தம் செவிக்குறையைக் கூட்டிச் சொல்வதாகவும் 70ஐத் தாண்டியவர்கள் குறைத்துச் சொல்வதாகவும் கண்டார்கள். எழுபத்தைந்து வயதில் ஒருவர் தன் காதை ஒப்பிடுவது தன் இருபதாம் வயதுக் காதோடு இல்லை, பக்கத்து வீட்டு எழுபத்தைந்து வயதுக் காதோடு. "இந்த வயசுக்கு இது பரவாயில்லை" என்பது ஒரு மதிப்பீடுதான், தப்பான மதிப்பீடு என்றும் சொல்ல முடியாது. ஆடியோகிராமுக்கு அந்தச் சலுகை தெரியாது.

இதுவரை நான் கருவியை நீதிபதியாக வைத்தே பேசிக்கொண்டிருக்கிறேன். அது முழுக்க நியாயமில்லை. ஆடியோகிராம் சோதிப்பது, நிசப்தத்தில் ஒரு தனி "பீப்" ஒலி எவ்வளவு மெலிதாக இருந்தால்கூடக் கேட்கும் என்பதை. யாரும் அப்படிப்பட்ட உலகத்தில் வாழ்வதில்லை. கருவி "குறை இல்லை" என்று சொல்லியும் "எனக்குக் குறை இருக்கிறது" என்ற அந்த 29 பேரை நினைத்துப் பாருங்கள். பல காலம் அவர்கள் மிகைப்படுத்துகிறவர்கள் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டார்கள். 2009இல் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். பெருஞ்சத்தத்துக்குப் பிறகு எலியின் செவிப்புலன் அளவீடு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, முடிச்செல்களும் பிழைத்துவிட்டன, ஆனால் முடிச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பெரும்பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இருந்தாலும், "பீப்" எல்லாம் கேட்கிறது, ஆனால் கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரி பேசுவது புரியவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அவர் வார்த்தையை அளவீட்டின் பெயரால் அடித்துவிடக் கூடாது என்பது இப்போது தெளிவு.

ஆக, "குறை இருக்கிறதா?" என்ற கேள்வி காதைப் பற்றிக் கேட்கிறது. பதில் சொல்பவர் தன் அன்றாடத்தைப் பற்றிச் சொல்கிறார். யாரோடு பேசுகிறார், எங்கே பேசுகிறார், புரியாவிட்டால் என்ன நஷ்டம் என்பதெல்லாம் சேர்ந்த பதில் அது. கோயிலுக்கும் சந்தைக்கும் போய்க்கொண்டிருப்பவருக்கு 30 டெசிபல் குறை பெரிய தொல்லை. வீட்டைவிட்டு வெளியே போகாதவருக்கு அது தெரியவே தெரியாது.

அன்றாடத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்றால் அன்றாடத்தையே கேட்டுவிடலாமே என்று ஐரா வென்ட்ரி, பார்பரா வைன்ஸ்டீன் இருவரும் 1982இல் முதியவர்களுக்கென்றே 25 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். பிறகு அது 10 கேள்விகளாகச் சுருங்கியது. காது சரியாகக் கேட்காததால் புதியவர்களைச் சந்திக்கச் சங்கடமாக இருக்கிறதா, வீட்டாரோடு வாக்குவாதம் வருகிறதா, வழிபாட்டுக்குப் போவது குறைந்ததா, டிவி பார்க்கக் கஷ்டமா என்ற மாதிரியான கேள்விகள். "ஆமாம்" என்றால் 4, "சில நேரம்" என்றால் 2, "இல்லை" என்றால் 0. மொத்தம் 8ஐத் தாண்டினால் பரிசோதனைக்குப் போகலாம்.

கேட்பதற்கு ஒற்றைக் கேள்வியைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் பீவர் டேமில் இந்தப் பட்டியல் குறையுள்ள 100 பேரில் 34 பேரை மட்டுமே பிடித்தது. குறையில்லாதவர்களைச் சரியாக விலக்கியதில் 95 மார்க். புளூ மவுண்டன்ஸில் 100க்கு 58 பேரைப் பிடித்தது, விலக்கியதில் 85 மார்க். பட்டியல் பிடிப்பது குறையால் வாடுகிறவர்களை. குறை இருந்தும் வாடாதவர்கள், அல்லது வாட்டம் வராதபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவர்கள், இதில் சிக்குவதில்லை. அந்தப் பத்துக் கேள்விகளில் உறவினர்களோடோ நண்பர்களோடோ உணவகத்துக்குப் போனால் காதால் கஷ்டமாக இருக்கிறதா என்பதும் ஒன்று. நம் ஊரில் எத்தனை பாட்டிகள் சிநேகிதிகளோடு ஹோட்டலுக்குப் போகிறார்கள்? "இல்லை" என்று 0 போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான்.

இந்த நம்பகத்தன்மை பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலான பிரச்சினை மட்டுமில்லை. மருத்துவ அறிவே இந்தப் பதில்களின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1989இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் நர்சுகளோடு தொடங்கிய இரண்டாம் நர்சஸ் ஹெல்த் ஸ்டடி அதற்கு நல்ல உதாரணம். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் செவிக்குறைக்கும் தொடர்பு உண்டா என்று அதை வைத்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. நீண்ட காலம் மாத்திரை எடுத்தவர்களிடம் குறை அதிகம் என்றது அது. குறை என்பது அங்கே அந்தப் பெண்கள் தாமே எழுதிக்கொடுத்த பதில். எல்லாரும் ஒரே மாதிரி தவறவிட்டால் உண்மையான தொடர்பு நீர்த்துக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் மாத்திரைக்காக அடிக்கடி டாக்டரைப் பார்க்கிறவர் தன் குறையைச் சீக்கிரம் கண்டுகொள்கிறவராகவும் இருந்தால், மாத்திரையின்மேல் இல்லாத பழி விழவும் கூடும். இதனால்தான் அதே ஆய்வுக்குழு பிறகு 19 இடங்களில் மையங்கள் வைத்து சில ஆயிரம் பெண்களுக்கு ஆடியோகிராம் எடுக்கத் தொடங்கியது. சராசரி வயது 59. மூன்றே ஆண்டுகளில் 19 சதவீதம் பேருக்குக் கீழ் அதிர்வெண்களிலும், 38 சதவீதம் பேருக்கு நடு அதிர்வெண்களிலும், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மேல் அதிர்வெண்களிலும் செவித்திறன் இறங்கியிருந்தது. நர்ஸ் வேலை பார்த்த பெண்கள் இவர்கள்.

இந்தியாவில் 2017–18இல் நடந்த லாசி என்ற முதுமை ஆய்வு, 45 வயதைத் தாண்டியவர்களிடம் காதுப் பிரச்சினை இருப்பதாக மருத்துவர் கண்டறிந்து சொன்னாரா என்று கேட்டது. இதில் வடிகட்டி இன்னும் ஒன்று கூடுகிறது. தானே உணர வேண்டும், யாராவது அழைத்துப் போக வேண்டும், டாக்டர் சொல்ல வேண்டும். மூன்றையும் தாண்டி வந்தவர்தான் கணக்கில் ஏறுவார்.

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021இல், அறிகுறி இல்லாத 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வழக்கமாகச் செவிப் பரிசோதனை செய்யலாமா கூடாதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கலாம். ஆனால் "அறிகுறி இல்லாதவர்" என்று யாரைச் சொல்கிறோம்? "எனக்கு ஒன்றுமில்லை" என்றவரைத்தானே. அந்த வாக்கியத்தின் நம்பகம் என்ன என்று இவ்வளவு நேரம் பார்த்தோம்.

என் கணக்கில், "ஆமாம்" என்ற பதிலை அப்படியே நம்பலாம். அப்படிச் சொல்கிறவருக்குக் கருவியில் குறை தெரியாவிட்டாலும் கஷ்டம் இருக்கிறது, இ.என்.டி. டாக்டரிடமோ ஆடியாலஜிஸ்டிடமோ போகட்டும். "இல்லை" என்ற பதிலுக்குத்தான் சரிபார்ப்பு வேண்டும். 2006இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள் பரிந்துரைத்ததும் இதே வரிசைதான். "இல்லை" என்பவருக்கு அவர்கள் சொன்ன சோதனைக்குப் பணமோ கருவியோ தேவையில்லை, கிசுகிசுப்பு போதும்.

உதட்டசைவு தெரியாதபடி அவருக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நிற்க வேண்டும். சோதிக்காத காதின் முன்பக்கத்துச் சிறு மடலை அவரோ நீங்களோ விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, எண்ணும் எழுத்துமாக மூன்றைக் கிசுகிசுக்க வேண்டும், "நாலு, க, இரண்டு" என்ற மாதிரி. மூச்சை விட்டுவிட்டுப் பேசுவது முக்கியம், இல்லாவிட்டால் குரல் ஏறிவிடும். மூன்றையும் அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் அந்தக் காது தேறியது. தப்பினால் வேறு மூன்று சொல்லி, மொத்தம் ஆறில் குறைந்தது மூன்று சரியா என்று பாருங்கள். பிறகு மறு காது, வேறு எண், வேறு எழுத்து. ஒரு காது தேறாவிட்டாலும் ஆடியோகிராமுக்கு அழைத்துப் போகலாம். டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்துக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சில பேருக்கு அதை எடுத்ததோடு வேலை முடிந்துவிடும்.